வங்குரோத்து மனுப் போட்டால், நடக்கிற வழக்கும் வரப்போகிற நட்டஈட்டுக் காசும் என்ன ஆகும்?

வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது: சுன்னாகத்தில் சிமெந்து, கம்பி விற்கிற கடை. கடைக்காணியை ஈடு வைத்து எடுத்த வங்கிக் கடனுக்கு மாவட்ட நீதிமன்றில் வழக்கு. கடனுக்குச் சாமான் தந்த மொத்த வியாபாரி, திரும்பி வந்த காசோலையைத் தூக்கிக்கொண்டு நீதவான் நீதிமன்றுக்குப் போயிருக்கிறார். இதற்கு நடுவில் மருதனார்மடத்தில் வான் அடித்து உங்கள் கால் முறிந்து, அதற்கு நீங்கள் போட்ட நட்டஈட்டு வழக்கில் காப்புறுதிக் கம்பனி "பேசித் தீர்ப்போம்" என்று வருகிறது. ரொறொன்ரோவில் இருக்கிற மச்சான், "வங்குரோத்து மனுவைப் போடு, எல்லா வழக்கும் அன்றைக்கே நிற்கும், கடனும் அழியும்" என்கிறார். போடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள்ளே இருக்கிற பயம் வேறு என்று எனக்குப் படுகிறது. கால் உடைந்ததற்கு வருகிற காசையும் கடன் கொடுத்தவர்கள் கொண்டு போய்விடுவார்களா, அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் சமரசமா, முதலில் மனுவா என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடமாகச் சிவில் வழக்குப் பேசுகிறேன். கடன் வழக்குகளும் அவற்றின் சமரசங்களும் நூற்றுக்கணக்கில் என் கையால் போயிருக்கின்றன. தனிமனிதர் போட்ட வங்குரோத்து மனுக்களை மட்டும் விரல்விட்டு எண்ணலாம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் அதனால் உள்ளே போனவர்கள் குறைவு. போனவர்களுக்குக் கிடைத்ததும் உங்கள் மச்சான் சொல்கிற பொருள் இல்லை.

மச்சான் பொய் சொல்லவில்லை. அவர் இருக்கிற ஊரின் சட்டத்தைச் சொல்கிறார். கனடாவில் வங்குரோத்து மனுவைப் போட்டவுடன் கடனுக்காக நடக்கிற சாதாரண வழக்குகள் நிற்கும், சம்பளத்தில் பிடிப்பதும் நிற்கும். அமெரிக்காவிலும் அப்படித்தான், அவர்களுடைய சட்டக்கோவையின் 362ஆம் பிரிவின்படி மனு பதிவான கணமே தடை தானாக விழும், யாரும் தனியாகக் கட்டளை கேட்கத் தேவையில்லை. கனடாவில் இன்னொரு வழியும் உண்டு. வீட்டு ஈட்டைத் தவிர்த்து கடன் 250,000 டொலருக்கு மேற்படாதவர் ஐந்து வருடத்துக்கு உட்பட்ட தவணையில் ஒரு பகுதியைக் கட்டுகிறேன் என்று முன்மொழிந்து, கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையினர் ஒத்துக்கொண்டால் வங்குரோத்தாகாமலே தப்பலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நாடுகளிலேயே எல்லாக் கடனும் அழியாது. ஏமாற்றிப் பெற்ற பணம், வேண்டுமென்றே ஒருவரை அடித்துக் காயப்படுத்தியதற்கான நட்டஈடு, மனைவி பிள்ளைகளுக்கான தாபரிப்பு, நீதிமன்றத் தண்டப்பணம் எல்லாம் வங்குரோத்துக்குப் பிறகும் ஆளைத் துரத்தும். அமெரிக்காவில் குடித்துவிட்டு வாகனம் ஓட்டி ஆளைக் காயப்படுத்திய நட்டஈடும் அந்தப் பட்டியலில் சேரும். ஈடு வைத்த சொத்தும் பொதுவாக ஈட்டுக்காரர் கையில்தான் போய் முடியும்.

சமரசம் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆர்ச்சர் எதிர் வார்னர் என்ற வழக்கு. இரு தரப்புக்கும் ஒரு கம்பனி விற்பனையில் பிரச்சினை. ஏமாற்றி விற்றார்கள் என்று வாங்கியவர்கள் வழக்குப் போட, 300,000 டொலருக்குச் சமரசமாகி, விற்றவர்கள் 200,000 கையில் கொடுத்து, மிச்சம் 100,000க்கு வாக்குறுதிப் பத்திரம் எழுதினார்கள். அந்த மிச்சத்தைக் கட்டாமல் வங்குரோத்துக்குப் போனார்கள். சமரசத்தோடு பழைய ஏமாற்றுக் குற்றச்சாட்டு முடிந்துவிட்டது, இப்போது இருப்பது வெறும் பத்திரக் கடன், அது அழியும் என்பது அவர்களுடைய வாதம். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. கடன் எந்த மண்ணில் முளைத்ததென்று தோண்டிப் பார்க்கலாம், சமரசப் பத்திரம் அதை மூடி மறைக்காது என்றது. நம் ஊர் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்புக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சமரசத்தில் கையெழுத்து வைத்தால் கடனின் பழைய முகம் மாறிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

சரி, இங்கே என்ன. தனிமனிதருக்கு நம்மிடம் இருப்பது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து வார்த்தது. கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், அது வேறு பாதை. உங்கள் கடை உங்கள் பெயரில் பதிந்த வியாபாரம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே 1853தான். மனு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் உங்களை வங்குரோத்தானவர் என்று தீர்த்தால் உங்கள் சொத்து, கடன் கொடுத்தவர்கள் தெரிவு செய்கிற ஒரு பொறுப்பாளரிடம் சேரும். அவர் விற்று, வந்ததைப் பங்கிடுவார். வர்த்தமானியில் பெயர் வரும். உங்களைக் கூண்டில் ஏற்றிக் கணக்குக் கேட்பார்கள். கடைசியில், ஒழுங்காக நடந்துகொண்டீர்கள் என்று நீதிமன்றம் ஒரு சான்றிதழ் தரலாம், தராமலும் விடலாம், தள்ளியும் போடலாம். அந்தச் சான்றிதழில் மூன்று தரம் இருக்கிறது: தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு ஒன்று, பாதி அவருடைய பிழை என்றால் ஒன்று, முழுக்க அவருடைய பிழை என்றால் ஒன்று. கணக்குப் புத்தகத்தை மறைத்தவருக்கும், விழப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு ஒருவருக்கு மட்டும் ஓடிப்போய்க் கட்டியவருக்கும் அது கிடைப்பது கஷ்டம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: மனுவைப் பதிந்த அன்றே எல்லாம் தானாக நிற்கிற ஏற்பாடு இங்கே இல்லை. நீதிமன்றம் தீர்த்த பிறகு கைதிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். ஈட்டில்லாத கடன்களுக்கு ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போய், எல்லாரும் பொறுப்பாளரிடம் தங்கள் கணக்கைக் காட்டிப் பங்கு கேட்க வேண்டிவரும். ஆனால் உங்கள் பெரிய தலையிடி வங்கி. அது ஈட்டுக்காரர், ஈட்டுக்குள் இருக்கிற காணியைப் பொறுத்தவரை வங்குரோத்துக்கு வெளியேதான் நிற்கும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கிகள் வழக்கே போடாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு காணியை ஏலத்தில் போடவும் வழி இருக்கிறது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2024இல் அதைச் சில காலம் நிறுத்தி வைத்தார்கள், அது நிரந்தர நிறுத்தம் இல்லை. உங்கள் வங்கி வழக்குப் பாதையைத் தெரிவு செய்திருப்பது உங்களுக்கு நல்லது, பேசுவதற்கு ஒரு மேசையும் தவணையும் கிடைக்கிறது. ஆனால் அழைப்பாணையை நன்றாகப் பாருங்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு என்றால் சாதாரண வழக்கு மாதிரிப் போய் மறுமொழி போட முடியாது, எதிர்வாதம் செய்ய முதலில் நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். குறித்த நாளில் கேட்காமல் விட்டால் கட்டளை உறுதியாகிவிடும். மறுமொழி போடத் தவணை கேட்கலாம் என்று நினைத்து வெறும் கையோடு போய் நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

காசோலை வழக்கு இதிலெல்லாம் சேராது. அது குற்றவியல். வங்குரோத்தானவர் என்ற தீர்ப்பைக் கொண்டுபோய் நீதவானிடம் காட்டி அதை நிறுத்த முடியாது. அங்கே நடைமுறையில் நடப்பது, காசைத் தவணையில் கட்டி முறைப்பாட்டுக்காரரோடு இணங்குவது. அதை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக எடுத்துத் தீர்க்கப் பாருங்கள். உங்கள் கடனுக்குப் பிணை நின்ற ஆள் யாராவது இருந்தால் அதையும் யோசியுங்கள். நீங்கள் வங்குரோத்தானாலும் பிணை நின்றவர் விடுபடமாட்டார், உங்களிடம் வாங்க முடியாததை அவரிடம் போய்க் கேட்பார்கள்.

இனி அந்தக் கால். இதில் கொஞ்சம் மெதுவாகப் போகிறேன், உங்கள் நன்மை தீமை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. நம் சிவில் நடைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு, கடனைக் கட்டு என்று நீதிமன்றம் இட்ட கட்டளைக்காகக் கைப்பற்றக் கூடாத பொருட்களை வரிசைப்படுத்துகிறது. உடுபுடவை, படுக்கை, தொழிற் கருவி, கணக்குப் புத்தகம் என்று போகிற அந்த வரிசையில் "நட்டஈடு கேட்டு வழக்கிடும் வெறும் உரிமை" என்பதும் ஒன்று. அதாவது இன்றைய தேதியில், உங்கள் விபத்து வழக்கு முடிவாகாமல் கிடக்கும்போது, வங்கியோ மொத்த வியாபாரியோ அந்த வழக்குரிமையைக் கைப்பற்ற முடியாது. ஆனால் காப்புறுதிக் கம்பனியோடு நீங்கள் இணங்கி, இத்தனை லட்சம் என்று நீதிமன்றத்தில் பதிந்த கணமே அதன் தன்மை மாறுகிறது. அது இப்போது வெறும் உரிமை இல்லை, கம்பனி உங்களுக்குத் தர வேண்டிய கடன். உங்களுக்கு எதிராகக் கட்டளை வைத்திருக்கிறவர் அதைத் தடுத்து வைக்கக் கேட்கலாம். காசோலை மாறி உங்கள் கணக்குக்கு வந்த பிறகோ அது வெறும் காசு, காலில் இருந்து வந்ததா சிமெந்தில் இருந்து வந்ததா என்று அதில் எழுதியிருக்காது.

ஆகவே அந்தக் காசோலையைக் கடன் இருக்கிற அதே வங்கியில் போடாதீர்கள். ஒரே வங்கியில் ஒரு கணக்கில் கடனும் இன்னொரு கணக்கில் காசும் இருந்தால் எதிரீடு செய்கிற, அதாவது அந்தக் காசைக் கடனுக்குக் கழித்துக்கொள்கிற உரிமை வங்கிக்கு உண்டு. அப்படித்தான் ஒருவருடைய அறுவைச் சிகிச்சைக் காசு ஒரே பின்னேரத்தில் போனது. வேறு வங்கியில் போடுவது மறைப்பதாகாது. கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்டும் இல்லை என்று சொல்வதுதான் மறைப்பு.

வங்குரோத்து மனுவுக்குள் நீங்கள் ஏற்கெனவே போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அப்போது நட்டஈட்டு வழக்கு யாருடையது? இது வாதத்துக்கு இடமுள்ள கேள்வி. ஒரு நீதிபதி இப்படித்தான் தீர்ப்பார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை உங்களுக்குச் சாதகமானது. நம் கட்டளைச் சட்டம் வருவதற்கு நாலு வருடத்துக்கு முன், 1849இல், பெக்கம் எதிர் டிரேக் என்ற வழக்கில் பிரபுக்கள் சபை உடலின் வலி, மன வேதனை, மானம் சம்பந்தப்பட்ட உரிமை கடனாளியோடே இருக்கும், சொத்துச் சம்பந்தப்பட்ட உரிமைதான் பொறுப்பாளருக்குப் போகும் என்ற கோட்டைப் போட்டது. வலியும் வருமான இழப்பும் ஒரே வழக்கில் கலந்திருந்தால்? இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் ஓர்ட் எதிர் அப்ரன் வழக்கில், வழக்கு பொறுப்பாளரிடம் போகும், ஆனால் வலிக்கான பகுதியை அவர் கடனாளிக்காக வைத்திருந்து கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. கனடாவிலும் கிட்டத்தட்ட அந்தக் கோடுதான், வலி வேதனைக்கான பகுதி காயப்பட்டவருக்கு, உழைப்பு இழப்புக்கான பகுதி கடன் கொடுத்தவர்களுக்கு. நான் உங்களுக்காக இங்கே வாதாடினால் இந்த வரிசையில்தான் வாதாடுவேன்.

வாதத்தில் வென்றாலும் தோற்றாலும், சமரசப் பத்திரத்தை எழுதும் விதத்தில் நீங்கள் இப்போதே ஒன்று செய்யலாம். காப்புறுதிக் கம்பனி நீட்டுகிற படிவம் வழக்கமாக ஒரே ஒரு தொகையைப் போட்டு "முழுமையான இறுதித் தீர்வு" என்று முடியும். அதில் அப்படியே கையெழுத்து வைக்காதீர்கள். வைத்தியச் செலவு இவ்வளவு, கடை பூட்டிக் கிடந்த மாதங்களின் வருமான இழப்பு இவ்வளவு, வலிக்கும் காலில் நின்றுவிட்ட ஊனத்துக்கும் இவ்வளவு என்று பிரித்து எழுதக் கேளுங்கள். கம்பனிக்கு மொத்தத் தொகை மாறாது, அதனால் அவர்கள் பெரிதாக எதிர்க்கமாட்டார்கள். உங்களுக்கோ பிறகு யாராவது கை வைக்க வந்தால் எது எந்தக் காசு என்று காட்ட ஒரு எழுத்து இருக்கும். பிரிப்பு உண்மையாக இருக்க வேண்டும். இருபது லட்சம் முழுவதையும் வலிக்கென்று எழுதினால் எந்த நீதிபதியும் நம்பமாட்டார். வைத்தியர் எழுதிய ஊன வீதமும் மருந்துச் சிட்டைகளும் கடையின் விற்பனைப் புத்தகமும் அந்தப் பிரிப்போடு ஒத்துப்போக வேண்டும்.

நட்டஈட்டு வழக்கை வங்குரோத்து மனுவில் சொல்லாமல் விடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூடவே கூடாது. அமெரிக்காவில் மனுவில் காட்டாத வழக்கைப் பிறகு நடத்தப் போனவர்களை, அன்று இல்லை என்றீர்கள், இன்று இருக்கிறது என்கிறீர்களா என்று கேட்டு நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பியிருக்கின்றன, ஆக அவர்கள் காசையும் இழந்தார்கள். இங்கே மறைத்தது தெரிந்தால் சான்றிதழ் போய்விடும், சத்தியக்கடதாசியில் பொய் சொன்ன பிரச்சினை வேறு.

இனி நீங்கள் எதிராளியாக நிற்கிற பக்கம். வங்கியோடு சமரசம் செய்யப் போகிறீர்கள் என்றால், நீதிமன்றத்தில் பதிகிற இணக்கம் சிவில் நடைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவின் கீழ் கட்டளையாகிவிடும் என்பதை மனதில் வையுங்கள். அது சாதாரண ஒப்பந்தம் மாதிரி இல்லை. சம்மதித்துப் பெற்ற கட்டளையை மேன்முறையீட்டில் போய் மாற்றுவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மோசடி என்று காட்டினால் ஒழிய. கட்டளை பத்து வருடம் உயிரோடு இருக்கும், அதற்குள் எப்போதும், சொத்தைக் கைப்பற்றிக் காசை அறவிடுகிற நிறைவேற்று எழுத்தாணை கேட்கலாம். அதிலே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ஒரு தவணை தவறினாலும் மிச்சத் தொகை முழுவதும் உடனே அறவிடப்படும் என்று. அந்த வரியை இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் என்றாவது மாற்றுவதற்குப் போராடுங்கள். நம்மூர் வியாபாரத்தில் மாரி மாதங்களில் கட்டட வேலை படுத்துவிடும், கார்த்திகை மார்கழியில் சிமெந்து எவ்வளவு ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களுக்குத் தவணையைக் குறைத்துப் போடக் கேட்டால் வங்கிச் சட்டத்தரணிகள் பலர் ஒத்துக்கொள்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

கைமாற்றுக் கடன் என்றும் எழுதியிருந்தீர்கள், தனியாரிடம் வட்டிக்கு எடுத்தது. அதைச் சமரசம் செய்யும்போது ஒரு விஷயம் பாருங்கள். சாதாரண ஆட்கள் கொடுத்த கடனில் அறவிடக்கூடிய வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்பது நம் சட்டம். நாலு லட்சம் முதல் என்றால் வழக்கில் வட்டியாக நாலு லட்சத்துக்கு மேல் போகாது. ஆனால் முதலும் வட்டியும் சேர்த்துப் பன்னிரண்டு லட்சம் தர ஒத்துக்கொள்கிறேன் என்று நீங்களே சமரசத்தில் கையெழுத்து வைத்தால், அந்த வாதத்தை நீங்களே கைவிட்டது மாதிரி. அதோடு கடன் எவ்வளவு பழையது என்று பாருங்கள். எழுத்தில் உள்ள கடனுக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு மூன்று வருடம் என்று 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் சொல்கிறது. காலம் கடந்த கடனுக்குப் பத்தாயிரம் கட்டி, மிச்சத்தைத் தருகிறேன் என்று துண்டெழுதிக் கொடுத்தால் அதற்குத் திரும்ப உயிர் வந்துவிடும். தர வேண்டியதைத் தர வேண்டும் என்பது வேறு கதை, அது உங்கள் மனச்சாட்சி. எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரிந்து வையுங்கள் என்பதே என் பேச்சு.

கொடிகாமத்துப் பக்கம் மில் வைத்திருந்த ஒருவருடைய கதையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு லட்சத்துக்குச் சம்மதக் கட்டளை, மாதம் இருபத்தையாயிரம். மாதம் தவறாமல் கடன் கொடுத்தவருடைய வீட்டுக்குப் போய்க் கையில் கொடுப்பார். நீல மட்டை சீ.ஆர். கொப்பி ஒன்றில் திகதி, தொகை, கீழே அந்த மனுசனின் கையெழுத்து. முப்பத்தொரு மாதம், ஏழு லட்சத்து எழுபத்தையாயிரம். பிறகு கடன் கொடுத்தவர் இறந்துபோனார். பிள்ளைகள் வெளிநாட்டில், தகப்பன் பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். முழுத்தொகைக்கும் எழுத்தாணை எடுத்தார்கள். எழுத்தாணையை நிறைவேற்ற வந்த நீதிமன்றப் பிஸ்கால் உத்தியோகத்தர் மில்லின் மோட்டரில் கடதாசி ஒட்டுகிறபோது இவர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். மாவும் எண்ணெயும் பட்டு நுனியெல்லாம் சுருண்ட கொப்பி. அதே கோவையின் 349ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், கட்டளைக்குக் கீழே நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த காசை, கட்டளை பெற்றவர் நீதிமன்றத்தில் வந்து சான்றுப்படுத்த வேண்டும். அப்படிச் சான்றுப்படுத்தாத காசை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. முப்பத்தொரு மாதத்தில் ஒரு மாதமும் அது நடக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தபடியால், கொப்பியைப் படமெடுத்து அனுப்ப, அப்பாவின் கையெழுத்துத்தான் என்று ஒத்துக்கொண்டு மிச்சம் நாலேகால் லட்சத்தோடு முடித்தார்கள். இல்லாவிட்டால் அந்த மில் போயிருக்கும். ஆகவே காசை நீதிமன்றக் கணக்கில் கட்டுங்கள், அல்லது ஒவ்வொரு தவணையையும் வழக்கேட்டில் பதியச் செய்யுங்கள். அவர் வந்து சொல்ல மறுத்தால் நீங்களே மனுச் செய்து அவருக்கு அறிவித்தல் அனுப்பக் கேட்கலாம், அந்த உரிமை அதே பிரிவில் இருக்கிறது.

காணியை மனைவியின் பெயருக்கோ மகளுக்கோ நன்கொடை உறுதி முடித்துவிட்டு மனுவுக்குப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கடன் கொடுத்தவர்களுக்கு எட்டாமல் செய்யவென்று எழுதிய உறுதியை அவர்கள் வழக்கிட்டு வெட்டலாம், உரோமன் டச்சுச் சட்டத்தில் அதற்கென்றே வழக்கு வகை உண்டு. உறுதியின் திகதி உங்கள் அழைப்பாணைக்குப் பிறகு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஏற்கெனவே மனைவிக்கு வந்த சீதனக் காணி வேறு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் சட்டத்தின்படி மனைவியின் தனிச்சொத்து கணவனின் கடனுக்குப் பொதுவாகப் பதில் சொல்லாது, அவரே பிணை நின்றோ ஈடு வைத்தோ கையெழுத்துப் போடாதவரை. கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தான தேடியதேட்டத்தில் உங்கள் பாதியில் மட்டும் கை வைக்கலாம். எந்தக் காணி எந்த வகை என்று உறுதிகளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள், ஒரு வீட்டில் பல வகையும் கலந்திருப்பது வழக்கம்.

மச்சானுக்கும் ஒரு சொல். அவரே அங்கே வங்குரோத்து யோசிப்பவரானால், இங்கே உள்ள பங்குக் காணியையும் அங்கே காட்ட வேண்டும். கனடாச் சட்டத்தில் சொத்து என்றால் நாட்டுக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் சொத்துத்தான். ஊர்க் காணிதானே, யாருக்குத் தெரியும் என்று விட்டால் அது அங்கே பெரிய குற்றம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்கிற ஒழுங்கு இதுதான். வங்குரோத்து மனுவை இப்போது போடமாட்டேன், அது உங்கள் வங்கியையும் காசோலை வழக்கையும் தொடாது, கடையின் பெயரை மட்டும் கெடுக்கும். ஈட்டில்லாத கடன்கள் உங்கள் சொத்தை எத்தனையோ மடங்கு தாண்டி, ஆளுக்கொரு எழுத்தாணையோடு வரத் தொடங்கினால் மட்டும் அதை யோசிப்பேன். நட்டஈட்டுச் சமரசத்தில், பிரித்து எழுதாமல், வங்கியின் நிலை தெரியாமல் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கமாட்டேன். வங்கியோடு பேசும்போது வருகிற நட்டஈட்டில் இருந்து ஒரு தொகையை முதல் தவணையாகத் தருகிறேன், வட்டியைக் குறைத்து மிச்சத்தை மாதாமாதம் கட்ட விடுங்கள் என்று கேட்பேன். கையில் மொத்தமாக ஒரு காசு வரப்போகிறது என்பதுதான் உங்களிடம் இப்போது இருக்கிற ஒரே பலம், அதை இரண்டு மேசையிலும் ஒரே நேரத்தில் வைத்துப் பேச வேண்டும். அந்தக் காசு வந்ததும் சொந்தக்காரரின் கைமாற்றை மட்டும் முதலில் அடைக்கமாட்டேன், பின்னாளில் வங்குரோத்து வந்தால் அந்தக் கொடுப்பனவே உங்களுக்கு எதிராகப் பேசும்.

உங்கள் வழக்கேடுகளை நான் பார்க்கவில்லை. அழைப்பாணையில் எந்தச் சட்டம் எழுதியிருக்கிறது, ஈட்டு உறுதியில் கடைக்காணி மட்டுமா வீட்டுக்காணியுமா, காசோலையில் என்ன காரணம் போட்டு வங்கி திருப்பியது என்ற மூன்றும் தெரியாமல் எழுதிய பதில் இது, இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் ஒழுங்கு மாறலாம். அடுத்த தவணை 18ஆம் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு கிழமைக்கு முன்பாவது இந்த மூன்று கடதாசியையும் விபத்து வழக்கின் பிராதையும் ஒரே உறையில் போட்டு, உங்கள் இரண்டு சட்டத்தரணிகளையும் ஒன்றாக இருந்து பார்க்கச் சொல்லுங்கள். விபத்து வழக்குக்கு ஒருவர், கடன் வழக்குக்கு இன்னொருவர் என்று வைத்திருக்கிறீர்கள். ஒருவர் செய்கிற சமரசம் மற்றவருக்குத் தெரியாமல் போகக் கூடாது.